மும்தாஜ் சொன்ன ஒன்பது நாட்கள்

1

இந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஆப்பிள் கேக் வெட்டினார்கள். கம்பெனியின் இரண்டாவது காலநிலை அறிக்கை வெளியானதற்காக. தயாரித்தவள் நான் என்பதால் முதல் துண்டு எனக்கு. நெதர்லாந்துக்காரர்கள் லேசில் பாராட்ட மாட்டார்கள். "மோசமில்லை" என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் மாலை போட்ட மாதிரி. அன்று கைதட்டவே செய்தார்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். தாமிரபரணியில் அந்த டிசம்பர் வெள்ளம் வந்து இரண்டு வருடம் நிறைந்த வாரமும் இதுதான். அது அங்கே யாருக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையை விட்டு வந்து பதினாறு வருடமாகிறது. ஊரில் இருப்பவர்களுக்காக எழுதும்போது பெரும்பாலும் பனியையும் சைக்கிளையும் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்வேன். இந்த முறை நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

2

எங்கள் கம்பெனி பருத்தித் துணிப்பை விற்கிறது. அலுவலகம், கிடங்கு எல்லாம் சேர்த்து அறுபது பேர். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் மேலாளர் வில்லம் என் மேஜைக்கு வந்தார். "நம்மிடம் பை வாங்கும் பெரிய கடைகள் இனிமேல் நம் கார்பன் கணக்கைக் கேட்பார்களாம். சரக்கு வரும் இடங்களில் வெள்ளம், வறட்சி, வெயில் ஆபத்து எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். உனக்குத்தான் கணக்கு வரும். ஆரம்பித்துவிடு" என்றார்.

முதல் அறிக்கை என்பதால், எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்கும் தெரியாது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். நாமே எரிப்பது முதல் வகை. அதாவது கிடங்கின் எரிவாயு, வண்டிகளின் டீசல். காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. மற்ற எல்லாமே மூன்றாம் வகை. பருத்தி, நூல், தையல், கப்பல், கடைசியில் பை குப்பைக்குப் போவது வரைக்கும் அதில் வரும். எங்கள் கம்பெனியில் முதல் இரண்டும் சேர்ந்தாலும் மூன்றாவதன் பக்கத்தில்கூட நிற்காது. அந்த மூன்றாவதோ, நாம் முகம் பார்த்திராத ஆட்களின் ரசீதுகளில் கிடக்கிறது.

எங்கள் சொந்தக் கிடங்கின் மின் மீட்டர் எண்ணைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து வாரம் ஆனது. கட்டடக்காரர் மின் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். மின் கம்பெனி கட்டடக்காரரின் கையெழுத்தைக் கேட்டது. கையெழுத்து வாங்கி அனுப்பினால், படிவம் பழையது என்று திரும்பி வந்தது.

பிறகு சப்ளையர் பட்டியல். அதுவரை எங்களுக்குத் திருப்பூர் ஏஜெண்டின் பெயர் மட்டும்தான் தெரியும். பை எந்த ஊரில் தைக்கப்படுகிறது என்பதை இந்த அறிக்கைக்காகத்தான் முதன்முறையாகக் கேட்டோம். பதினோரு வரிகள் வந்தன. நாலாவது வரியில் 'வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தது. தொடர்புக்கு: மும்தாஜ்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் கிடங்கில் அடுக்கியிருந்த பைகளில் பாதி, சிறுவயதில் பஸ் ஜன்னல் வழியே நான் பார்த்த ஊரிலிருந்து வந்தவை.

3

போன் செய்து முறைப்படி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

"ஒரு நிமிசம். நீங்க பாளையங்கோட்டையா?"

"ஆமா."

"ஏட்டி, நீ பி செக்ஷன் கிரேஸ்தான?"

மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த மும்தாஜ். கணக்குப் பரீட்சையில் எனக்கு முந்தியோ பிந்தியோ எப்போதும் நிற்பவள். வீரவநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மாப்பிள்ளைக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. தையல் கூடத்துக்குக் கணக்கு எழுத என்று போனவள், இப்போது கூடத்தையே பார்த்துக்கொள்கிறாள். சண்முகையா அண்ணாச்சி என்பவர் முதலாளி. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கைக்கு வந்த பணத்தில் தையல் மெஷின்கள் வாங்கிப் போட்டவர். நாற்பத்து நாலு பெண்கள் தைக்கிறார்கள்.

என் கேள்வித்தாள் ஒன்பது பக்கம். மும்தாஜ் சலிக்கவே இல்லை. மின் கட்டண ரசீதுகளைப் படம் பிடித்து அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டாள்.

"ஜெனரேட்டருக்கு டீசலு கேன்லதான் வாங்குதோம் பிள்ள. பில்லு இருக்கு. கொஞ்சம் எண்ண பட்டிருக்கும், பாத்துக்கோ" என்றாள். "ஆமா, எதுக்கு இதெல்லாம் கேக்குதாவ? கரண்டு பில்லப் பாத்துட்டு மழ பெய்யுமான்னு சொல்லப் போறாவளா?"

சிரித்துச் சிரித்து வேலை நடந்தது. மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை பேசினோம். கடைசிக் கேள்வியும் முடிந்த நாளில் நானாகத்தான் கேட்டேன். "வெள்ளத்தப்போ நீங்கள்லாம் எப்படிட்டி இருந்திய?"

சத்தியமாக அது படிவத்தில் இருந்த கேள்வி இல்லை. அந்த வெள்ளத்தின்போது இரண்டு நாள் என் அம்மாவின் குரலைக் கேட்க முடியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடமாடியவள் நான். அந்த நினைப்பில்தான் கேட்டேன்.

"அத ஏன் கேக்க" என்று ஆரம்பித்தாள். "மணிமுத்தாறு டேம தொறந்துட்டாவன்னு சொன்னாவ. விடிஞ்சு பாத்தா ரோட்டுல இடுப்பளவு தண்ணி. கூடத்துக்குள்ள ஒரு சொட்டு வரல, மேட்டுல இருக்குல்லா. ஆனா ஆளு எப்படி வரும்? பஸ்ஸு இல்ல, கரண்டு இல்ல. கல்லிடைக்குறிச்சியிலேருந்து தைக்க வாற பிள்ளையெல்லாம் வீட்டுல சேறு அள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. ஒம்பது நாளு பூட்டிக் கெடந்துச்சு பிள்ள. பத்தாம் நாளு முப்பத்தாறு பேரு வந்துட்டாவ. ஞாயித்துக்கெழமையும் தச்சு, கப்பலுக்கு நாள் தவறாம அனுப்பிட்டோம். ஒங்க கம்பெனிக்கு இது ஒண்ணுமே தெரியாது. நாங்க சொல்லல."

"கெட்டிக்காரி" என்றேன்.

"அல்லா காப்பாத்துனான்" என்றாள்.

4

ஆபத்துக் கணக்குக்கு ஒரு மென்பொருள் வாங்கியிருந்தோம். இடத்தைக் குறித்தால் நிறம் காட்டும். எங்கள் கிடங்கைக் குறித்தேன். கடல் மட்டத்துக்குப் பல அடி கீழே கிடக்கிற நிலம் அது. பச்சை காட்டியது. கரை கட்டியிருக்கிறார்கள், பம்ப் இருக்கிறது, ஆகவே பச்சை. வீரவநல்லூரைக் குறித்தேன். சிவப்பு. அங்கே அணை இருப்பதும், கால்வாய்க்குக் கால்வாய் குளம் இருப்பதும், அந்தக் கூடம் மேட்டில் நிற்பதும் அதற்குத் தெரியவில்லை.

நிறத்துக்குப் பக்கத்தில் 'சான்று' என்று ஒரு கட்டம். முன்பு வெள்ளத்தாலோ புயலாலோ வேலை நின்ற நாட்கள் எத்தனை? மற்ற பத்து சப்ளையர்களுக்கும் இதைக் கேட்டுத் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன். வீரவநல்லூருக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.

9 என்று அடித்தேன்.

அடுத்தாற்போல் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம். கட்டாயமில்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கூடத்துக்குள் தண்ணீர் வரவில்லை, பத்தாம் நாளே ஆள் வந்துவிட்டது, கப்பல் தவறவில்லை என்று மூன்று வரி அதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. சொந்த ஊர்க்காரிக்குச் சாதகமாக எழுதுகிறாள் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. இவை இரண்டும் பாதி உண்மைதான். பட்டியலில் சான்றோடு முழுதாக நிரம்பியிருந்த வரி அது ஒன்றுதான். தணிக்கைக்கு வருபவர் பார்த்தால் மெச்சுவார் என்று உள்ளுக்குள் எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் வந்தார். அந்த வரியில் விரல் வைத்து, "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

நான் பொய் எழுதவில்லை. வெள்ளம் வந்தது, ஒன்பது நாள் பூட்டிக் கிடந்தது. இனியும் வரலாம், வராது என்று யார் சொல்ல முடியும்? எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லாததால்தான் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

5

இரண்டு மாதம் கழித்துக் கொள்முதல் கூட்டம். திரையில் என் பட்டியல். சிவப்பு வரியைக் காட்டி, "இங்கே பாதிச் சரக்கை வைத்திருப்பது சரியில்லை" என்றார் கொள்முதல் பார்க்கிற பெண். போர்ச்சுகலில் ஒரு தையல் ஆலையோடு பேசியிருந்தார். கப்பல் தூரமும் குறையும், கார்பனும் குறையும்.

நான் கை தூக்கினேன். அந்தக் கட்டடத்துக்குச் சேதம் எதுவும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். டச்சு மொழியில் சேதத்துக்கு 'ஸ்காடெ', நிழலுக்கு 'ஸ்காடு'. பதற்றத்தில் வாய் மாறிவிட்டது. "அந்தக் கட்டடத்துக்கு நிழலே இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "இந்தியாவில் வெயில் அதிகம், அதனால்தான்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் திருத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் போகவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் மும்தாஜிடமிருந்து செய்தி வந்தது. "ஒங்க ஆர்டர் நின்னுட்டு பிள்ள. ஏஜெண்டு வெவரமா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. இருவது மெஷினு சும்மா கெடக்கு. ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

"கேட்டுப் பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன்.

பிறகு அவளுக்கு நான் எழுதவில்லை. அவளும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

6

என் மகள் ஹன்னாவுக்குப் பதினாலு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் டச்சில் வரும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பை விட்டு மூன்று வருடமாகிறது. அம்மாவுடைய வேலை என்றால் அவளுக்கு அலட்சியம்தான், இந்த அறிக்கை வரும்வரை. காலநிலை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு என் அறிக்கையையே எடுத்துக்கொண்டாள். அதற்காக ஒரு சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். பத்து வரியில் சான்று இல்லை, ஒரு வரியில் மட்டும் எப்படி வந்தது?

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். கூடப் படித்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள் என்று.

ஹன்னா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, அபூர்வமாக, தமிழில் கேட்டாள். "அம்மா, நீ எழுதுறேன்னு அவங்களுக்குத் தெரியுமா? நீ துஸ்தெமிங் கேட்டியா?"

துஸ்தெமிங் என்றால் சம்மதம். வகுப்பில் ஒருவரைப் படம் எடுப்பதற்குக்கூட அதைக் கேட்க வேண்டும் என்று இங்கே ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் அதற்கு என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் திட்டவில்லை. குறிப்புத்தாளில் அந்த வரியை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு எழுந்து போனாள்.

7

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு வீரவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். வருகிறேன் என்று மும்தாஜிடம் சொல்லவில்லை. சொன்னால் தைரியம் போய்விடும்.

கூடம் நீளமாக, வெளிச்சமாக இருந்தது. பாதி மெஷின்கள் ஓடின. மற்றவற்றின் மேல் பழைய சேலைகளைப் போட்டு மூடியிருந்தார்கள். மும்தாஜ் என்னைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிவந்தாள். "அடிப் பாவி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்க!" கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஹன்னாவின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். டீயும் முறுக்கும் வந்தது.

டீயைத் தொடும் முன் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன். கேள்வித்தாள், சிவப்பு, ஒன்பது, குறிப்புக் கட்டம், கூட்டம், அப்புறம் 'கேட்டுப் பார்க்கிறேன்' என்ற பொய், எல்லாவற்றையும்.

மும்தாஜ் தலையில் கிடந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடாத மெஷின்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் ஒங்கிட்ட பேசுனேன். கம்பெனிகிட்ட பேசல."

நான் டீத் தம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"ஊர் நெனப்புல கேக்குதன்னுல்லா நெனச்சேன். பெருமையாத்தான சொன்னேன், பத்தாம் நாளு வந்துட்டோம்னு. அது எங்க போச்சு?"

"எழுதல மும்தாஜ்."

"ஒம்பத மட்டும் எடுத்துக்கிட்ட."

அவள் குரல் உயரவே இல்லை. வரிசையாகச் சேலை மூடிய மெஷின்களைக் காட்டி, பெயர் பெயராகச் சொன்னாள். இது ராஜேஸ்வரி, இப்போது நெல்லையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இது பாத்திமா, வீட்டில் பீடி சுற்றுகிறாள். இது செல்வி. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகளைக் கல்லிடைக்குறிச்சியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் விடுதியில் தங்கித் தைக்கிறாள்.

"அண்ணாச்சிகிட்ட நீயே சொல்லு" என்று எழுந்தாள். "நான் சொல்ல மாட்டேன்."

சண்முகையா அண்ணாச்சி வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளம் வந்தது நெசம்தானம்மா. இல்லன்னு நான் சொல்லுவனா? இனிமேலும் வரும்போலத்தான் இருக்கு, மழையே இப்பம் ஒரு மாதிரியாத்தான பெய்யுது. ஆனா தண்ணி எங்கன வந்து நின்னுச்சு, நாங்க எங்கன இருக்கோம்னு ஒங்க படத்துல உண்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் வந்து பாரு."

ரோட்டோரம் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் குடோன் சுவரில் வெள்ளம் நின்ற அளவு பழுப்புக் கோடாக இன்னும் தெரிந்தது. அளக்க என்ன செய்வது என்று நான் திகைத்து நிற்கையில், மும்தாஜ் உள்ளே போய்த் தையல் டேப்பையும் ஒரு நீளமான சரட்டையும் எடுத்துவந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சரட்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் கோட்டில் பிடித்துக்கொண்டேன். அவள் மறு முனையோடு கூடத்து வாசல்வரை நடந்தாள். அண்ணாச்சி சரடு மட்டமாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, "பைய, பைய, கொஞ்சம் எறக்கு" என்றார். சரட்டிலிருந்து வாசல்படி நாலடிக்கு மேல் உயரத்தில் இருந்தது. ஹன்னா அதைக் குறித்துக்கொண்டாள். சுவரையும் படியையும் படம் எடுக்கும் முன், அண்ணாச்சியிடம் போய், தன் உடைந்த தமிழில், "எடுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

கிளம்பும்போது மும்தாஜ் வாசல்வரை வந்தாள். "பாத்துப் போங்க" என்றாள். நான் இன்னார் என்று தெரிந்த பிறகு அவள் எனக்குப் போட்ட முதல் 'ங்க' அது. ஹன்னாவையும் சேர்த்துச் சொன்னாள் என்று பஸ்ஸில் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

8

திரும்பி வந்ததும் திருத்தம் எழுதினேன். படங்கள், அளவு, பத்தாம் நாள் வந்த ஆட்களின் வருகைப் பதிவேடு, கப்பல் ரசீது எல்லாம் சேர்த்தேன். இந்த முறை ஒவ்வொன்றையும் அவர்களிடம் எழுதிக் கேட்டு வாங்கினேன். மும்தாஜ் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் அனுப்பினாள். மற்றப் பத்து சப்ளையர்களையும் விடாமல் கேட்டேன். நாலு பேருக்கு நின்ற நாட்கள் இருந்தன. ஒருவருக்கு ஒன்பதைவிட அதிகம்.

வில்லம் முழுவதும் படித்தார். நியாயமான மனிதர். "இது சரியான திருத்தம். போட்டுவிடு" என்றார். வீரவநல்லூர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

"ஆர்டர்?" என்று கேட்டேன்.

"போர்ச்சுகலோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டாகிவிட்டதே, கிரேஸ்."

என் ஊர், என் தோழி என்பதை முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை நீ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். மும்தாஜுக்காகச் சொன்னாரா, விதிமுறைக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அது பொருந்தியது.

இரண்டாவது அறிக்கையின் முதல் பக்கத்தில், எங்கள் மூன்றாம் வகைக் கார்பன் குறைந்திருப்பதாகப் போட்டிருக்கிறது. தூரம் குறைந்ததும் ஒரு காரணம் என்று நானே எழுதினேன். கணக்கு சரிதான். இருபது மெஷின்கள் நின்றதை எந்த வகையில் எழுதுவது என்று அந்த இரண்டு நாள் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

நேற்று மும்தாஜிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் குரலைக் கேட்டு நாலு மாதமாகியிருந்தது. பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"வேற ஒரு கம்பெனி வந்திருக்கு. அவ்வோளும் இதே மாதிரி ஒரு படிவம் அனுப்பியிருக்காவ. வேல நின்ன நாளு எத்தனன்னு கேட்டிருக்கு. ஒம்பதுன்னு எழுதிட்டேன். கீழ குறிப்புன்னு இருந்துச்சு. அதுல ரெண்டு பக்கத்துக்கு எழுதிச் சேத்துட்டேன். ஒங்கிட்ட கேக்கல. சொல்லுதேன், அவ்வளவுதான்."

பிறகு, வந்த ஆர்டர் சின்னது, பதினோரு பேரைத் திரும்பக் கூப்பிட்டாகிவிட்டது என்றாள். ராஜேஸ்வரி வந்துவிட்டாள், பாத்திமா வந்துவிட்டாள்.

நான் பதில் அனுப்பினேன். செல்வி வந்துவிட்டாளா என்று கேட்டேன்.

இரண்டே வரியில் எழுதியிருந்தாள். திருப்பூரில் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், வருடம் முடியாமல் விடமாட்டார்கள். பிள்ளை இப்போது அம்மாச்சியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறதாம்.